பொதுக் கருவிக்கு ஆள் யார்?

ஆய்வுக் கருவிகளைப் பொதுவில் வைத்துப் பகிர்ந்துகொள்வது இப்போது மறுபேச்சில்லாத கொள்கையாகிவிட்டது. இந்தியா 2020இல் ஐ-ஸ்டெம் வலைவாசலைத் திறந்தது; 2022இல் கருவிப் பகிர்வுக்கென்றே 'ஸ்ரீமான்' வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மலேசியாவிலும் இந்தப் பேச்சுக்குக் குறைவில்லை. இதன் நியாயங்களை ஒப்புக்கொள்வதில் சிரமமில்லை: ஒரே கருவியை இரண்டு துறைகள் வாங்கி இரண்டையும் உறைபோட்டு மூடிவைப்பது வீண், மானியம் கிடைக்காத இளம் விரிவுரையாளருக்கும் நல்ல கருவி கைக்கு எட்ட வேண்டும். ஆனால் கருவி எத்தனை மணிநேரம் ஓடியது, எவ்வளவு கட்டணம் வசூலானது என்ற இரண்டு எண்களைக் காட்டி நிர்வாகம் வெற்றி பெற்றுவிட்டதாகச் சொல்கிறார்களே, அதை ஏற்பதற்கில்லை. பார்வை அறிவியலில் அது துளியும் பொருந்தாது.

இந்தப் பகிர்வு முறை எலக்ட்ரான் நுண்ணோக்கி போன்றவற்றுக்குப் பொருந்தும். மாதிரி குப்பியில் வரும், முடிவு தாளில் போகும். பார்வை ஆய்வாளரின் மாதிரியோ உயிருள்ள மனிதர். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்வோம். கண் மருத்துவத் துறை கிளந்தானில், குபாங் கெரியானில். பொறியியல் நிபோங் திபாலில். தலைமை வளாகம் பினாங்குத் தீவில். உயர் மருத்துவ, பல் மருத்துவக் கழகம் கெப்பாலா பத்தாஸை ஒட்டிய பெர்த்தாமில். கெப்பாலா பத்தாஸில் இருக்கும் நீரிழிவு நோயாளியின் விழித்திரையைக் கிரிக் மலைச்சாலை வழியாகக் கிளந்தானுக்குத் தபாலில் அனுப்ப முடியாது. கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால் அவர் சில மணிநேரம் மோட்டார் சைக்கிளும் ஓட்ட முடியாது. பகிர்வுப் பட்டியலில் கருவியின் பெயரும் மணிக்கட்டணமும் இருக்கும். இதெல்லாம் எங்கே இருக்கப் போகிறது?

தூரத்தைக்கூடச் சமாளிக்கலாம். ஆள் இல்லாததைத்தான் சமாளிக்க முடியாது. ஈஆர்ஜி என்னும் விழித்திரை மின்பதிவைப் பாருங்கள். பன்னாட்டுத் தரநெறிப்படி சோதனைக்கு வந்தவர் 20 நிமிடம் இருட்டில் இருக்க வேண்டும். மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் மின்முனையைப் பொருத்தி, மிக மெல்லிய ஒளிச்சிமிட்டலில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். பிறகு 10 நிமிடம் வெளிச்சத்துக்குப் பழக்கி மறுபாதியைப் பதிய வேண்டும். நடுவில் யாராவது கதவைத் திறந்தால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டது. மறுபடி காத்திருக்க வேண்டியதுதான். மணிக்கட்டணத்தில் இந்தக் காத்திருப்புக்கும் காசு. அதைவிடப் பெரிய கேள்வி, சிமிட்டலின் ஒளி அளவைக் கடைசியாகச் சரிபார்த்தது யார் என்பது. நான்கு குழுக்கள் நான்கு விதமாக அமைப்பை மாற்றிவிட்டுப் போகும் அறையில் பதில் கிடைக்காது. ஓர் ஆண்டு கழித்து அலை தாழ்ந்து வந்தால், நோய் முற்றியதா, விளக்கு சோர்ந்ததா? கருவியை ஓட்டுவதில் மூத்த மாணவர் சொல்லிக்கொடுத்ததை இளையவர் பிடித்துக்கொள்வார். அவரும் பட்டம் வாங்கிப் போவார், கைப்பக்குவமும் கூடவே போகும். நம் ஊர் ஈரப்பதத்துக்கு லென்சில் பூஞ்சை பிடிக்க அதிக நாள் வேண்டாம். நீண்ட விடுமுறையில் குளிர்சாதனத்தை அணைத்துவிட்டால் என்னாகும் என்று தெரிந்தவர் அந்த அறைக்கென்று ஒருவராவது இருக்க வேண்டும். கருவி வாங்கும்போது மூலதனச் செலவு என்று பணம் புரண்டு வருகிறது. ஆள் என்றால் மட்டும் திட்டம் முடியும்வரை ஒப்பந்தம். இல்லையேல் சாவியும் பதிவேடும் வைத்திருக்கும் அலுவலர்.

நிரந்தரப் பணியிடம் செலவு பிடிக்கும், கருவி பத்தாண்டில் பழசாகிவிடும், ஆள் ஓய்வுபெறும்வரை சம்பளப் பட்டியலில் இருப்பார் என்பார்கள். இருக்கட்டுமே! அடுத்த கருவியை முதல் நாளிலிருந்தே ஒழுங்காக ஓட்டப்போவது அவர்தானே. அமெரிக்கத் தேசியக் கண் கழகத்தின் 'பி30' மையமானியம் பல ஆய்வகங்களுக்குப் பொதுவான கருவிப் பொறியாளர், நிரலர், படிமவியலாளர் போன்றோரின் சம்பளத்தையே தாங்குகிறது. ஏற்கெனவே மானியம் குவித்த இடங்களுக்குத்தான் அதுவும் போகிறது என்பது உண்மை. வேறு உதாரணத்துக்குக் கடல் கடந்து அவ்வளவு தூரம் போக வேண்டாம், மதுரை போதும். 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களுக்கு இரண்டாண்டு பயிற்சி கொடுத்துக் கண் பரிசோதனைகளின் பெரும்பகுதியை அவர்கள் கையில் ஒப்படைத்தது. மருத்துவமனை வேறு, ஆய்வகம் வேறு என்று இதையும் தள்ளலாம். ஆனால் தினசரிச் சிகிச்சைக்கே தேர்ந்த கை வேண்டுமென்றால், நுட்பமான வேறுபாட்டைத் தேடும் ஆய்வுக்கு வேண்டாமா? கருவியின் ஆயுள் முழுமைக்கும் அதை ஓட்டுபவரின் சம்பளத்தைக் காட்டாத விண்ணப்பத்தை நிதிக்குழு திருப்பி அனுப்ப வேண்டும். அதனால் சில கருவிகள் வராமலே போனால் போகட்டும். இப்போதைய ஏற்பாட்டில், சரிபார்க்காத விளக்கின் முன் நோயாளிகள் உட்கார்ந்த மணிநேரமும் ஆண்டறிக்கையில் பயன்பாட்டுக் கணக்காகத்தான் ஏறுகிறது.