ஹமாடாவின் கரும்பு

கலை என்றால் புதுமை, தொழில் என்றால் பழக்கம் என்று இரண்டையும் பிரித்துப் பேசுவது நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஒரு கவிஞர் முன்னர்ச் சொன்னதையே மீண்டும் சொன்னால் சரக்குத் தீர்ந்துவிட்டது என்கிறோம். ஒரு குயவர் நேற்று வனைந்த சட்டியையே இன்றும் வனைந்தால் அதை வயிற்றுப்பாடு என்று ஒதுக்கிவிடுகிறோம். இந்தப் பிரிவினை சரிதானா என்பதை ஜப்பானியக் குயவர் ஒருவரின் பணியை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஷோஜி ஹமாடா 1894இல் பிறந்து 1978இல் மறைந்தவர். டோக்கியோவில் மண்பாண்டத் தொழிலை முறையாகக் கற்று, கியோட்டோ நகரின் ஆய்வுக்கூடத்தில் மெருகுப் பூச்சுகளைச் சோதிக்கும் பணியில் இருந்தார். 1920இல் ஆங்கில நண்பர் பெர்னார்டு லீச்சுடன் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள செயின்ட் ஐவ்ஸ் என்னும் கடற்கரையூருக்குச் சென்று சூளை அமைத்தார். லண்டனில் கண்காட்சி நடத்திப் பெயர் பெறத் தொடங்கிய வேளையில் நாடு திரும்பி, 1924இல் மாஷிகோ என்னும் சிற்றூரில் குடியேறினார். அது டோக்கியோ நகரத்து அடுக்களைகளுக்குச் சாடிகளும் தேநீர்க் கெண்டிகளும் செய்து அனுப்பிக்கொண்டிருந்த ஊர். தில்லிவாழ் அன்பர்களுக்கு இந்த நண்பர் வட்டம் முற்றிலும் அயலானதன்று. 1952இல் இந்நகரில் நீலப் பாண்டத் தொழிற்கூடத்தைத் தொடங்கிய சர்தார் குருசரண் சிங், இளமையில் ஜப்பானில் தொழில் கற்றபோது இவ்வட்டத்தாரின் நட்பைப் பெற்றவரே.

மாஷிகோவின் மண் நயமான மண் அன்று, மணற்பாங்கானது. ஹமாடா அதையே பிசைந்தார். செம்பழுப்பு மெருகுக்கு அவ்வூர்க் கல்லின் பொடியையும் வெண்மெருகுக்கு உமிச்சாம்பலையும் பயன்படுத்தினார். நம் ஊர்க் குயவரைப் போலவே கோலால் உந்திச் சக்கரத்தைச் சுழற்றினார். பெரிய தட்டில் அகப்பையால் மெருகை ஊற்றி வரியிடுவது அவருக்குச் சில நொடி வேலை. இவ்வளவு விரைவில் முடிந்துவிடுகிறதே என்று வியந்தவரிடம், அந்த நொடிகளுடன் அறுபது ஆண்டுகளையும் கூட்டிக்கொள்ள வேண்டும் என்னும் பொருள்பட அவர் விடை கூறியதாகச் சொல்வர்.

அவருடைய பணியில் நம் ஆராய்ச்சிக்கு முதன்மையானது ஒரு கரும்பு. 1920களின் நடுவில் ஒகினாவாத் தீவில் தங்கியிருந்தபோது, காற்றில் ஆடும் கரும்பைக் கண்டு வரைந்தார். அந்தப் படம் நாளடைவில் சில தூரிகை வீச்சுகளாகச் சுருங்கியது: ஒரு தண்டு, அதிலிருந்து வளைந்து விழும் சில தோகைகள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அதையே அவர் கலங்களில் தீட்டிவந்தார். முதன்முறை வரையும் கை கரும்பை நினைக்கிறது. நூறாவது முறை வரையும் கையோ கலத்தை நினைக்கிறது. சாடியின் வயிறு பருத்தால் தோகை விரிகிறது. புட்டியின் முகம் குறுகினால் தோகை நிமிர்கிறது. கரும்பின் சாயல் குறையக் குறையக் கரும்பின் அசைவு மிகுகிறது. படம் கோலமாக மாறும் இடம் இதுவே. ஹமாடா புதுமைக்காகத் தொழிலை விட்டு வெளியே போகவில்லை. தொழிலின் நடுவிலேயே அது அவரைத் தேடி வந்தது.

இந்நிலைக்கு ஒரு தத்துவம் வகுத்தவர் ஹமாடாவின் நண்பர் சோயெட்சு யானகி (1889-1961). மக்கள் கைவினை எனப் பொருள்படும் 'மிங்கெய்' என்னும் சொல்லை நண்பர்களுடன் சேர்ந்து 1925இல் உருவாக்கியவர். 1936இல் டோக்கியோவில் அதற்கென ஒரு காட்சியகத்தையும் நிறுவினார். அவருடைய கட்டுரைகள் லீச்சின் முயற்சியால் 1972இல் ஆங்கில நூலாக வெளிவந்தன. 'அறியப்படாத கைவினைஞர்' எனப் பொருள்படும் தலைப்புடைய அந்நூலுக்கு முன்னுரை எழுதியவர் ஹமாடா. பெயரில்லாத தொழிலாளி, அன்றாடப் பயன்பாட்டிற்காக, மலிவாக, மீண்டும் மீண்டும் செய்யும் பொருளிலேயே உயர்ந்த அழகு பிறக்கிறது; அங்கே 'நான்' என்பது கரைந்து, தன் ஆற்றலுக்கு அப்பாற்பட்ட ஓர் ஆற்றல் வேலை செய்கிறது என்பது யானகியின் கொள்கை. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி என்று நம் வைணவப் பெரியோர் கூறும் இருவகை நெறிகளை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். யானகியின் கைவினைஞர் பூனைக்குட்டி.

கொள்கை உயர்ந்ததே. ஆயினும் அதை முழுமையாக ஏற்க இயலவில்லை. மாஷிகோவில் மினாகாவா மசு என்னும் மூதாட்டி இருந்தார். சிறுமிப் பருவம் முதல் தேநீர்க் கெண்டிகளில் மலையும் நீரும் மரமும் தீட்டிவந்தவர். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கெண்டிகளைக் கூலிக்குத் தீட்டுவார். யானகி இவரைப் பெரிதும் போற்றினார். ஆனால் போற்றியதனாலேயே அவர் பெயர் நமக்குத் தெரிந்துவிட்டது! ஹமாடாவின் நிலையும் அவ்வாறே. மாஷிகோவில் குடியேறிய பின் கலங்களில் அவர் பெயர் பொறிக்கவில்லை. ஆனால் அவற்றை வைக்கும் மரப்பெட்டிகளில் ஒப்பமிட்டார். 1955இல் ஜப்பானிய அரசு அவருடைய கலையைக் காக்க வேண்டிய தேசியச் செல்வமாக அறிவித்தது. அவர் கலங்கள் சிற்றூர் அடுக்களைக்கு எட்டாத விலை பெற்றன. பெயர் மறைந்தால்தான் அழகு என்றால் ஹமாடாவின் கலம் அழகற்றதாக வேண்டும். அது அப்படி இல்லை. எனவே கொள்கையில்தான் எங்கோ பிழை இருக்கிறது.

பிழை எங்கே என்பதை நம் வாசலிலேயே காணலாம். அரசுக் குடியிருப்பில் எங்கள் மாடிப்படியைச் சுற்றி நான்கு தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. நான்கு வாசலிலும் ஒரே புள்ளிக் கணக்கில் ஒரே சிக்குக் கோலம் விழும் நாட்கள் உண்டு. என் அன்னையார் அவற்றைப் பார்த்த மாத்திரத்தில், இது இன்னார் கை, இன்று அவசரத்தில் போட்டிருக்கிறாள், அவளுக்கு உடம்பு சரியில்லை போலும் என்று சொல்லிவிடுவார். அவற்றில் யாரும் கையெழுத்து இட்டதில்லை. கோலம் ஒன்றாக இருந்ததனாலேயே கை வேறாகத் தெரிந்தது. இன்று பல வாசல்களில் ஒட்டுக் கோலங்கள் இருக்கின்றன. வடிவத்தில் அவை பிழையற்றவை. ஆனால் அவற்றைப் பார்த்து யாருடைய உடல்நலத்தையும் அறிய முடியாது.

நம் இலக்கியமும் இதையே கூறுகிறது. குறுந்தொகையின் 40ஆம் பாடலைப் பாடியவர் செம்புலப்பெயனீரார். 41ஆம் பாடலைப் பாடியவர் அணிலாடு முன்றிலார். இவை தாய் தந்தையர் இட்ட பெயர்கள் அல்ல. இயற்பெயர் மறைந்துபோகவே, அவர்கள் ஆண்ட சொற்றொடரையே பெயராக்கி வைத்தனர் முன்னோர். திணை, துறை, முதல், கரு, உரி என எல்லாம் முன்னரே வகுக்கப்பட்ட கோலங்கள். நூற்றுக்கணக்கான புலவர்கள் அதே குறிஞ்சியையும் அதே பாலையையும் பாடினர். அந்தப் பொதுக் கோலத்திற்குள் செம்மண்ணில் பெய்த மழைநீரையும் முற்றத்தில் விளையாடும் அணிலையும் ஒருவர் கண்ட கண் தனித்து நிற்கிறது. மீண்டும் மீண்டும் செய்வதில் 'நான்' கரைகிறது என்றார் யானகி. பெருமை கரையலாம், பார்வை கரைவதில்லை. இந்த இரண்டையும் அவர் ஒன்றாகக் கொண்டதே பிழை என்பது என் துணிபு.

இதிலிருந்து விமர்சகர்க்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஒரு படைப்பைக் கண்டு 'இது புதியதா?' என்று கேட்பது போதாது; 'இம்முறை செய்தபோது கண் திறந்திருந்ததா?' என்றும் கேட்க வேண்டும். கண் மூடிய கை ஆயிரம் முறை செய்தாலும் அது ஒட்டுக் கோலமே. திரும்பச் செய்தல் தானாக யாரையும் உயர்த்துவதில்லை.

இதை எழுதுபவன் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஓர் அலுவலகத்தில் குடும்ப ஓய்வூதியக் கோப்புகளைப் பார்ப்பவன். கோப்புகள் தாளிலிருந்து கணிப்பொறித் திரைக்கு மாறிவிட்டன. கேள்விக் கட்டங்களும் குறிப்பு வாசகங்களும் மாறவில்லை. ஒருநாள் நாற்பது கோப்புகளை ஒரே வாசகத்தில் முடித்தபின், அவற்றில் ஒரு பெயரும் நினைவில் இல்லை என்பதை உணர்ந்து வெட்கினேன். ஹமாடாவின் கரும்பை நான் உற்றுநோக்கத் தொடங்கியது அதன் பிறகே.

புறநானூற்றின் 256ஆம் பாடலில், கணவனை இழந்த ஒருத்தி ஈமத்தாழி வனையும் குயவரை அழைத்து, தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனைந்து தர வேண்டுகிறாள். பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. குயவர் பெயரும் தெரியாது. அவள் கேட்டது புதியதொரு கலத்தை அன்று. அவர் நாள்தோறும் வனையும் அதே தாழியில் இன்னும் சிறிது இடத்தைக் கேட்டாள். அந்த வேண்டுகோள் காதில் விழ வேண்டுமானால், நூறு தாழி வனைந்த பின்னும் நூற்றோராவது தாழி யாருக்கு என்று கேட்கும் நெஞ்சம் குயவருக்கு இருக்க வேண்டும். மாஷிகோவின் குயவர் ஐம்பது ஆண்டுகள் ஒரே கரும்பை வரைந்து நமக்குக் காட்டிச் சென்றதும் அந்த நெஞ்சத்தையே எனலாம்.