குரலும் ரேகையும்

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நண்பர் ஒருவரும் நானும் கீழ்ப்படியில் ஆரம்பித்த விவாதம் மேல்படியிலும் முடியவில்லை. நண்பர் சிறுகதை எழுதுகிறவர், நல்ல வாசகர். தமிழில் உருப்படியாக ஒரு போலீஸ் கதை சொல்லப்பட்டிருக்கிறதென்றால் அது 'ராட்சசன்' (2018) படத்தில்தான், 'தீரன் அதிகாரம் ஒன்று' (2017) வெறும் கேஸ்கட்டு என்பது அவர் கட்சி. எனக்கு நேர் எதிர்க் கட்சி. பாதி வழியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது அவர் கேட்டார்: "கொலைகாரன் போலீஸோட பேசவே மாட்டான்னா, அப்புறம் கதை எங்க சார் இருக்கு?" எனக்கு அப்போது பதில் வரவில்லை. கேள்வி அவ்வளவு லேசானதல்ல.

தமிழ்த் துப்பறியும் கதையின் பிரசித்தமான பெயர்களை எடுத்துக்கொண்டால் ஒன்று தெரியும். தமிழ்வாணனின் சங்கர்லால் தனியாள். சுஜாதாவின் கணேஷும் வஸந்தும் வக்கீல்கள். தேவனின் சாம்பு — இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான் — பாங்க் குமாஸ்தா. இன்ஸ்பெக்டர் பெரும்பாலும் கடைசி அத்தியாயத்தில் விலங்கோடு வந்து சேருகிறவர். ஒரு ஸ்டேஷன் எப்படி இயங்குகிறது, ஒரு பிணத்தின் பின்னால் எவ்வளவு காகிதம் உற்பத்தியாகிறது என்பதெல்லாம் நம்மவர்களுக்குக் கதைக்கான விஷயமாகவே படவில்லை. அமெரிக்காவில் எட் மக்பெயினுக்குப் பட்டது. 1956ல் 'காப் ஹேட்டர்' நாவலோடு அவர் தொடங்கிய வரிசையில் நாயகன் ஒரு மனிதனல்ல, ஒரு ஸ்டேஷன். போலீஸ் படிவங்களை அப்படியே அச்சில் நாவலுக்குள் கொண்டுவந்து வைத்தார். அலுப்பும் காத்திருப்பும் வீண் அலைச்சலும் அங்கே முதல் தடவையாக ஒரு உருவம் பெற்றன என்று சொல்லலாம்.

ஆனால் அதே மக்பெயின் 1960ல், 'தி ஹெக்ளர்' நாவலில், செவிடன் என்றே அழைக்கப்படுகிற ஒரு மகா மூளைக்காரனையும் கொண்டுவந்து நிறுத்தினார். டெலிபோனில் சீண்டுவான், தபாலில் புதிர் அனுப்புவான். 1973ல் வந்த 'லெட்ஸ் ஹியர் இட் ஃபார் தி டெஃப் மேன்' நாவலில், தான் கொள்ளையடிக்கப் போகும் பாங்க் எது என்பதைப் படங்களாக ஸ்டேஷனுக்கே அனுப்பிக் கோடிகாட்டுகிறான். (எங்கள் கிளைக்கு இப்படி யாரும் அனுப்பியதில்லை. தலைமை அலுவலகத்துச் சுற்றறிக்கைகளே எங்களுக்குப் போதுமான புதிர்.) மக்பெயினுக்கு ஏன் இவன் தேவைப்பட்டான்? அலுப்பான வேலை செய்கிறவர்களை யாராவது கவனிக்க வேண்டியிருந்தது. அவர்களைப் பகைக்கத் தகுந்தவர்கள் என்று யாராவது மதிக்க வேண்டியிருந்தது. செவிடனின் கேலி உண்மையில் ஒரு முகஸ்துதி. மக்பெயினின் நேர்மை எங்கே என்றால், போலீஸின் மூளை அவன் மூளையை ஜெயித்ததாக அவர் கதை கட்டவில்லை. 'ஃபஸ்' (1968) நாவலில் அவன் மாட்டுவது ஒரு தையற்கடையில். அங்கே வேறு யாரையோ பிடிக்கப் பதுங்கியிருக்கும் போலீஸாரின் முன்னால் தற்செயலாக வந்து நிற்கிறான். தான் உண்டாக்கிய பிரமையைத் தானே உடைக்கும் இந்தத் தெளிவு அவரைப் பின்பற்றியவர்களிடம் இல்லை.

சவால் விடுகிற குற்றவாளி கதைக்குள் வந்த மறுகணம் குற்றம் கடிதப் போக்குவரத்தாகிவிடுகிறது. இரண்டு புத்திசாலிகள் பேசிக்கொள்கிறார்கள். செத்தவர்? அந்தக் கடிதம் எழுதப்பட்ட காகிதம், அவ்வளவுதான். 'வேட்டையாடு விளையாடு' (2006) படத்தில் வீட்டு வாசலில் தொங்கும் விரல் ஒரு பெண்ணின் விரல் என்பதைவிட ஒரு தகவல் என்பதுதான் முக்கியமாகிறது. 'ராட்சசன்' இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறது. பரிசுப் பெட்டிக்குள் சிதைத்த பொம்மைத் தலை வருகிறது. அதைப் படிக்கத் தெரிந்தவன் அந்தப் போலீஸ் இலாகாவிலேயே ஒருவன்தான். அவனோ சினிமா டைரக்டராக ஆசைப்பட்டு, மனப்பிறழ்வுக் கொலைகாரர்கள் பற்றிய செய்திகளைக் கத்தரித்துச் சேர்த்தவன். ஆக, கொலைகாரன் கடிதம் எழுதுவது போலீஸுக்கு அல்ல. சினிமாவுக்கு, அதாவது டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கும் நமக்கு. படம் இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதில் என்னை உண்மையில் கலக்கியது அந்தக் கணக்கு வாத்தியார். மாணவிகளைத் துன்புறுத்தும் அவன் யாருக்கும் பெட்டி அனுப்புவதில்லை, புதிர் போடுவதில்லை, அட்டெண்டன்ஸ் எடுக்கிறான். அப்படிப்பட்டவனைப் படம் என்ன செய்கிறது? நம்மைத் திசைதிருப்பப் பயன்படுத்திவிட்டு, 'இவன் அவனல்ல' என்று சுட்டுத் தள்ளிவிட்டு, பெட்டி அனுப்புகிறவனிடம் ஓடுகிறது. கையில் கிடைத்த உண்மையை ஜோடனைக்காகக் கைவிட்ட இடம் என்று இதைத்தான் சொல்வேன்.

இது ரசனைத் தகராறு மட்டும் அல்ல. இந்தப் பிரமைக்கு உயிர்ப்பலியும் உண்டு. 1888ல் லண்டன் செய்தி நிறுவனம் ஒன்றுக்கு வந்த கடிதத்தில்தான் 'ஜாக் தி ரிப்பர்' என்ற பெயரே பிறந்தது. அதை எழுதியவன் கொலைகாரன் அல்ல, ஒரு பத்திரிகைக்காரன் என்று அந்நாளைய போலீஸ் அதிகாரி ஒருவரே 1913ல் கடிதம் எழுதி வைத்திருக்கிறார். இன்று பலரும் ஒப்புகிற கருத்தும் அதுதான். இந்த வகைக் கதையின் மூலப்பிரதியே இப்படிப் போலி. தொண்ணூறு வருஷம் கழித்து இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பெண்களைக் கொன்றுகொண்டிருந்த ஒருவனைத் தேடிய போலீஸுக்கு, 1978, 79ல், அதே ஜாக் பெயரில் கடிதங்கள் வந்தன. பிறகு ஒரு ஒலிநாடா. விசாரணைத் தலைவரைப் பெயர் சொல்லி விளித்துக் கேலி செய்யும் குரல். போலீஸ் அந்தக் குரலில் மயங்கிற்று. அந்தக் குரலின் ஸண்டர்லாண்ட் பக்கத்து உச்சரிப்பு இல்லாதவர்களைச் சந்தேகத்திலிருந்து விலக்கிற்று. கொலைகாரன் பீட்டர் ஸட்க்ளிஃப் பிராட்ஃபர்டில் ஒரு லாரி டிரைவர். அவனைப் போலீஸ் ஒன்பது தடவை விசாரித்து விட்டிருந்தது. ஸ்டேஷன் அட்டைகளில் அவன் பெயர் இருந்தது. அட்டைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. கேட்க ஒரு குரல் இருக்கும்போது அட்டையை யார் புரட்டுவது? ஒலிநாடா வந்த பிறகு இன்னும் மூன்று பெண்கள் செத்தார்கள். 1981 ஜனவரியில் அவன் பிடிபட்டது போலி நம்பர் பிளேட்டுக்காக, ரோந்து போன சாதாரணப் போலீஸ்காரர்களிடம். குரலின் சொந்தக்காரன் வேறொருவன். உறையில் ஒட்டியிருந்த எச்சில் காட்டிக்கொடுத்து 2006ல் தண்டனை பெற்றான். செவிடனைத் தையற்கடையில் விழவைத்த மக்பெயின் இதைப் பல வருஷம் முன்பே எழுதிவிட்டார் என்றுகூடச் சொல்லலாம்.

நம் ஜில்லாவுக்கு வருகிறேன். நெடுஞ்சாலை ஓரத்தில் தனித்த வீடுகள், இரவு, கதவை உடைத்து அடித்துக் கொன்று கொள்ளை. 1990களின் நடுவிலிருந்து பத்து வருஷம் தமிழ்நாட்டில் இது நடந்தது. 2005 ஜனவரியில் பெரியபாளையம் அருகே தானாகுளத்தில் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனம் தம் வீட்டிலேயே கொல்லப்பட்ட பிறகுதான் ஜாங்கிட் தலைமையில் தனிப்படை போட்டார்கள். வந்தவர்கள் வடக்கிலிருந்து லாரிகளில் வந்தவர்கள். கடிதம் இல்லை, டெலிபோன் இல்லை, பொம்மை இல்லை. விட்டுச்சென்றது ரேகை மட்டும். எங்கள் ஊர் வழியாகச் சென்னை–திருப்பதி சாலையில் இரவெல்லாம் லாரிகள் போகின்றன; கொஞ்ச தூரத்தில் ஆந்திரா. திருத்தணியே 1960 வரை சித்தூர் ஜில்லாவில் இருந்த ஊர். எல்லை தாண்டினால் ஸ்டேஷன் வேறு, பாஷை வேறு, பதிவேடு வேறு. இங்கே குற்றவாளிக்கு மகா மூளை தேவையில்லை. ஒரு லாரியும் ஒரு ஜில்லா எல்லையும் போதும்.

'தீரன்' இதைப் புரிந்துகொண்ட படம். ரேகைத் தாள்களைச் சுமந்துகொண்டு, ஜெயில் ஜெயிலாக, மாநிலம் மாநிலமாக அலைகிற போலீஸ்காரர்களின் அலுப்பு, பணப் பற்றாக்குறை, மேலிடத்து அலட்சியம் — வினோத் இவற்றை ஸ்வாரஸ்யமாக்கியது தமிழில் புதிது. ஆனால் அவராலும் மௌனத்தைக் கடைசிவரை தாங்க முடியவில்லை. கொள்ளை போலீஸ்காரர்களின் குடும்பத்தையே வந்து தொட்டாக வேண்டியிருக்கிறது. கும்பல் தலைவனுக்கு ஒரு முறைப்பும் உறுமலும் நாயகனோடு நேருக்கு நேர் சண்டையும் வேண்டியிருக்கிறது. இதைக்கூடப் பொறுக்கலாம். குற்றவாளி கடிதம் எழுதாத குறையைத் தீர்க்க ஒரு சமூகத்தின் சரித்திரத்தையே கடிதமாக்கி வாசித்துக் காட்டுகிறார் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பவாரியாக்கள் வெள்ளைக்காரனின் 1871ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் அடைபட்டவர்கள். அந்தச் சட்டம் தமிழ்நாட்டிலும் பல சாதிகளைப் பிறவிக் குற்றவாளிகளாக்கி வைத்திருந்து, சென்னை மாகாணத்தில் 1947லும் நாடு முழுக்க 1952லும் ஒழிந்தது. ஆனால் ரேகை ஒரு ஆளுக்குத்தான் உண்டு. சாதிக்கு ரேகை கிடையாது. தன் கையில் இருந்த தடயத்தின் அர்த்தத்தைப் படமே மறந்துவிட்டது.

இங்கேதான் என் நண்பரின் கேள்வி வேறு உருவத்தில் என்னிடம் திரும்பி வந்தது. ரேகை என்பது ஒன்றும் நிரபராதியான பொருள் அல்ல. வங்காளத்தில் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1858ல் ஒரு காண்டிராக்டரின் உள்ளங்கைப் பதிவை ஒப்பந்தத்தில் வாங்கினார். 1877ல் ஹூக்ளியில் பத்திரம் பதிவோரிடமும் கைதிகளிடமும் பென்ஷன்காரர்களிடமும் விரல் ரேகை வாங்கினார். ரேகைகளைத் தரம்பிரித்து அடுக்கும் முறையை உருவாக்கிய அஸிஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் இருவரின் உழைப்பு மேலதிகாரி ஹென்றியின் பெயரில் உலகம் சுற்றியது. கைதியும் பென்ஷன்காரரும் ஒரே மைப்பெட்டியில் விரலை நனைத்தவர்கள்.

என் கவுண்டருக்கு ஒரு கிழவி வருவாள். பொதட்டூர்ப்பேட்டைப் பக்கம், வயசெல்லாம் தறியிலும் நூலிலும் போய்விட்டது. முதியோர் பென்ஷன் எடுக்க மிஷினில் விரல் வைத்தாள். பொருந்தவில்லை. துடைத்து வைத்தாள், வேறு விரல் வைத்தாள். பொருந்தவில்லை. "நாளைக்கு வா, ஆயா" என்றேன். மறுநாளும் அதேதான். "போன மாசம் இதே வெரல்தானே நைனா வெச்சேன்?" என்றாள். கோபமில்லை; தன் விரல் தன்னை மறுத்துவிட்ட ஆச்சரியம். மூன்றாவது தடவை அவள் ஒன்றும் பேசவில்லை. விரலை நீட்டிக்கொண்டு நின்றாள். அன்றைக்கு எழுந்து போய்ப் பழைய கணக்குத் தாளை எடுத்தேன். அவள் போட்டோ, மையில் வைத்த கைநாட்டு, அப்போது சாட்சி போட்டவரின் கையெழுத்து எல்லாம் இருந்தன. மானேஜரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிப் பணம் கொடுக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. விதியிலேயே அதற்கு வழி இருந்தது. முதல் நாளும் இருந்தது.

அவள் சத்தம் போட்டிருந்தால் முதல் நாளே எழுந்திருப்பேன். கவுண்டரில் கத்துகிறவர்களிடம் என்னைப்போல் சுறுசுறுப்பானவன் இல்லை. எழுத்திலும் நாம் அப்படித்தான் இருக்கிறோமோ என்று சந்தேகம். நம்மைத் தாக்கி நாலு பக்கம் எழுதுகிறவனுக்கு எட்டுப் பக்கம் பதில் எழுதுகிறோம். நமக்குப் பிடித்த எதிரி நம்மோடு பேசுகிற எதிரி. கதைகளிலும் அதே ஆள்தான் வந்து உட்கார்ந்துகொள்கிறான், கெட்டிக்காரனாக, வாயாடியாக. பேசாதவர்களைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அட்டையைப் புரட்ட வேண்டும், அது அலுப்பு.

நண்பருக்கு என் பதில் இதுதான்: கொலைகாரன் பேசவே மாட்டான் என்றால், அவன் பேசாததைப் படிக்க உட்கார்ந்திருக்கிறவனிடம் கதை இருக்கிறது. அவன் எதைப் புரட்டினான், எதைப் புரட்டவில்லை, அதற்குள் யார் எத்தனை தடவை பஸ் ஏறி வந்துவிட்டுப் போனார்கள். கிழவி வந்துபோன அந்த முதல் இரண்டு நாட்கள் எங்கள் பாங்கில் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.