ஒட்டி ஓட்டுவது எதுவரை?

மோட்டார் சைக்கிளின் கியர் பெட்டியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஷாஃப்டின் பற்கள் தேய்ந்துபோனால், அதில் ஏறியிருக்கும் முன் ஸ்ப்ரொக்கற்றை ஷாஃப்டோடு சேர்த்து வெல்டிங்கால் ஒட்டிவிடுவது யாழ்ப்பாணத்துக் கராச்சுகளில் பழகிப்போன கைவைத்தியம். எஞ்சினை இறக்கத் தேவையில்லை. காலையில் விட்ட வண்டி பின்னேரம் தொழிலுக்குப் போய்விடும். பற்றாக்குறை கற்றுத்தந்த கெட்டித்தனம் என்று இதைப் பாராட்டுவோர் உண்டு. எஞ்சினைப் பாழாக்கும் வேலை என்று திட்டுவோரும் உண்டு. எந்த வண்டிக்கு, யாருக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று கேட்காமல் இரு தரப்பும் பேசுவதால்தான் வாதம் முடிவதில்லை.

முதலில் தேய்வு எப்படி வருகிறது என்று பார்க்கலாம். சிறிய யப்பானிய, இந்திய வண்டிகள் பலவற்றில் முன் ஸ்ப்ரொக்கற் ஷாஃப்டின் பற்களில் சும்மா கோத்திருக்கும். அது கழன்று வராமல் ஒரு மெல்லிய பூட்டுத் தகடும் இரண்டு சின்ன ஆணிகளும் பிடித்துக்கொண்டிருக்கும். இந்த அமைப்பில் மயிரிழை ஆட்டம் இருக்கத்தான் செய்யும். அக்சிலேற்றரை முறுக்கும்போது ஒரு பக்கம், விடும்போது மறுபக்கம் என்று பற்கள் மோதிக்கொண்டே இருக்கின்றன. மோதலின் பலமும் லேசானதல்ல. 100 சிசி எஞ்சின் தரும் முறுக்குவிசை 8 நியூட்டன் மீற்றர் அளவுதான். ஆனால் முதல் கியரில் அது ஏறக்குறைய ஒன்பது, பத்து மடங்காகப் பெருகித்தான் இந்த ஷாஃப்டுக்கு வருகிறது. மையத்திலிருந்து 8, 9 மில்லிமீற்றர் தூரத்தில் இருக்கும் பற்கள் மொத்தமாகத் தாங்கும் பாரம் ஒரு தொன்னை நெருங்குகிறது.

அந்த இடத்தில் மணலும் உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். குடாநாட்டில் கடற்கரைக்குத் தூரமான ஊர் என்று ஒன்றில்லை. குருநகரிலிருந்தும் பாசையூரிலிருந்தும் றெஜிபோம் பெட்டி கட்டி மீன் கொண்டுபோகும் வண்டியில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் நாள் முழுக்க வடிகிறது. முன் ஸ்ப்ரொக்கற்றின் மூடியைக் கழற்றினால் பற்களின் அடியில் செங்கல் நிறத்தில் மாவு மாதிரித் துரு இருக்கும். தட்டையாக இருக்கவேண்டிய பற்கள் கூராகியிருக்கும். ஸ்ப்ரொக்கற்றைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ‘கடக், கடக்’ என்ற சத்தம். அந்த நிலைக்கு வந்தபின் புதிய ஸ்ப்ரொக்கற் போட்டாலும் பயனில்லை. கூரான பற்கள் அதையும் அரித்துவிடும்.

முறையான திருத்தம் ஷாஃப்டை மாற்றுவதுதான். சிக்கல் என்னவென்றால் அந்த ஷாஃப்ட் எஞ்சினின் வயிற்றுக்குள் இருக்கிறது. எஞ்சினை இறக்கி, கிளச், மக்னெற் கழற்றி, எஞ்சின் பெட்டியை இரண்டாகப் பிரித்தால்தான் அது கைக்கு வரும். பிரித்தால் கஸ்கற், ஓயில் சீல், பெயரிங் என்று ஒவ்வொன்றாக மாற்றவேண்டி வரும். ஷாஃப்டின் விலையைவிடக் கூலியும் கூடச் சேரும் சாமான்களும்தான் கையைக் கடிக்கும். வண்டி பழைய ஹொண்டா எம்டி 90 போன்றதென்றால் புதுச் சாமான் கிடைப்பதே அரிது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றிய சாமான் தேட ஆள் அனுப்ப வேண்டும். வருவதும் பாதி தேய்ந்ததாக இருக்கலாம்.

நாடு போன போக்கும் இந்தக் கணக்கை இறுக்கியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் ரூபாய் சரிந்தது. டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ஐத் தொட்டது. அந்த ஆண்டு எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல்தான் கிடைத்தது. 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகன இறக்குமதிக்கு வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வண்டியைக் கைவிடும் வசதி பலருக்கு இருக்கவில்லை. அந்த நிலையில் ஒட்டி ஓட்டியவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் இந்தப் பழக்கத்தைப் பாராட்டுபவர்கள் ஒட்டுவேலையைப் போர்க்காலப் பொருளாதாரத் தடையின் வாரிசாகக் காட்டுகிறார்கள். இங்கேதான் நான் மாறுபடுகிறேன். 1990 யூனில் போர் மறுபடி தொடங்கியபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது, மின்சாரமும் போனது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி மோட்டார் சைக்கிள்களை ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு நல்லதென்று எவரும் சொல்லவில்லை. கரி படிந்தது, எஞ்சின் ஓயில் நீர்த்தது, ரிங் தேய்ந்தது. ஆனாலும் பெற்றோல் வந்தபோது அதே எஞ்சினைச் சுத்தம் செய்து, ரிங் மாற்றி, பழைய வழிக்குத் திருப்ப முடிந்தது. அந்தத் தந்திரங்களில் பலவும் திரும்பிவரும் வாசலைத் திறந்தே வைத்திருந்தன. ஷாஃப்டை ஒட்டுவது அந்த வாசலை மூடிவிடுகிறது.

ஸ்ப்ரொக்கற் தேய்வதற்கென்றே செய்த சாமான். செயினோடு சேர்த்துச் சில பத்தாயிரம் கிலோமீற்றருக்குள் அதை மாற்றத்தான் வேண்டும். ஷாஃப்டோ எஞ்சினின் ஆயுள் முழுக்க இருக்கவேண்டியது. ஒட்டும்போது தேயவேண்டியதையும் தேயக்கூடாததையும் ஒன்றாக்கிவிடுகிறோம். அடுத்த முறை ஸ்ப்ரொக்கற்றின் பல் கூரானால் கிரைண்டரால் அரிந்து எடுத்து மறுபடி ஒட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஷாஃப்டின் நுனி கொஞ்சம் குறையும். மலிவு என்று தொடங்கிய வேலை மூன்றாம் தடவையில் எஞ்சினை இறக்கும் செலவை எட்டிப் பிடிக்கும். அப்போது ஷாஃப்டும் மிஞ்சாது.

உலோகமும் சும்மா இராது. ஷாஃப்டின் மேற்பரப்பு மெல்லிய தோல் அளவுக்கு மட்டும் கடினமாக்கப்பட்டிருக்கும். உள்ளே இரும்பு சற்று இளகியது, அடியைத் தாங்கக்கூடியது. ஒட்டும் இடத்தில் இரும்பு உருகி, சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பால் சட்டென்று ஆறுகிறது. அதனால் ஒட்டை அடுத்த பகுதி கண்ணாடி போல நொறுங்கும் தன்மைக்கு வருகிறது. அதற்கு அப்பால் சூடு மட்டும் பட்ட பகுதியில் பழைய கடினத்தோல் மென்மையாகிவிடுகிறது. வெடிப்பு பெரும்பாலும் இந்த எல்லையில்தான் கிளம்பும். பக்கத்தில் இருக்கும் ஓயில் சீல் 100, 120 பாகைக்கு மேல் தாங்காத றப்பர்; ஒரே மூச்சில் சுற்றி ஒட்டினால் அன்றே கசியத் தொடங்கும். வெல்டிங் இயந்திரத்தின் எர்த் கிளிப்பை வண்டிச் சட்டத்தில் மாட்டினால் மின்சாரம் பெயரிங்கின் குண்டுகள் வழியே பாய்ந்து அவற்றில் புள்ளி புள்ளியாகக் குழி விழுத்தும். எல்லாவற்றிலும் மோசமானது மையம் விலகுவது. தேய்ந்த ஷாஃப்டில் ஸ்ப்ரொக்கற் நடுவில் நிற்காது. கண்மட்டத்தில் பிடித்து ஒட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் செயின் ஒருமுறை இறுகி ஒருமுறை தளரும். ஓடும்போது ஒட்டு விட்டால் செயின் சுருண்டு எஞ்சின் பெட்டியை உடைக்கலாம், பின் சில்லும் பூட்டிக்கொள்ளக்கூடும். மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிப்போகும் வண்டியில் இது பணக் கணக்கோடு முடியும் விசயமல்ல.

மற்ற வழிகளுக்கும் குறை உண்டு. லேத்தில் கொடுத்து, தேய்ந்த பல்லை ஒட்டி நிரப்பி மறுபடி வெட்டலாம். அதற்கும் ஷாஃப்டை வெளியே எடுக்கத்தான் வேண்டும். வெட்டிய பல்லுக்குப் பழைய கடினம் வராது. சாமானே கிடைக்காத வண்டிக்கு மட்டும் இது பொருந்தும். தேய்வு லேசாக இருந்தால் புதிய ஸ்ப்ரொக்கற்றை உலோகப் பசையிட்டுப் பொருத்தலாம். பின்னர் சூடுகாட்டிக் கழற்ற முடியும். பற்கள் கூரானபின் பசை நிற்காது.

ஆகவே என் முடிவு இது. வண்டியின் மிச்ச ஆயுள் குறைவாக இருந்து, அது பிழைப்பை ஓட்டவும் வேண்டியிருந்தால் ஒட்டுவதில் தவறில்லை. ஆனால் ஒட்டும் முறை முக்கியம். புதிய ஸ்ப்ரொக்கற், புதிய செயின் போட வேண்டும். துருவும் எண்ணெயும் போகத் துடைக்க வேண்டும். பற்றறி வயரைக் கழற்றி, எர்த் கிளிப்பை ஸ்ப்ரொக்கற்றிலேயே மாட்ட வேண்டும். ஷாஃப்டின் வெளி முகத்தில் மட்டும், எதிரெதிர்ப் பக்கங்களில் பொட்டுப் பொட்டாக, இடையில் ஆறவிட்டு ஒட்ட வேண்டும். முழுமையாக ஒட்டுவதற்கு முன் நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சில்லைச் சுற்றி, செயினின் தளர்வு எல்லா இடத்திலும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். இப்படிச் செய்தால் பின்னர் அரிந்து எடுக்கவும் இடமிருக்கும். சாமான் சந்தையில் தாராளமாகக் கிடைக்கும் வண்டிக்கும், தூர ஓட்டம் ஓடும் வண்டிக்கும் எஞ்சினைப் பிரிப்பதே இலாபம்.

இந்தப் பழக்கத்தின் பெரிய குறை மெக்கானிக்கின் கைத்திறனில் இல்லை. அவர் வாடிக்கையாளரிடம் சொல்லாமல் விடுவதில் இருக்கிறது. இரண்டு வழியின் செலவையும் சொல்லி, “அண்ணை, இது ஒட்டினால் அடுத்தமுறை வெட்டித்தான் எடுக்கோணும்” என்று ஒரு வார்த்தை சொன்னால் தெரிவு உரியவர் கைக்குப் போகும். பில்லில் ஒரு வரி எழுதினால் நாளை அந்த வண்டியை வாங்குபவருக்கும் தெரியும். இப்போது ஒட்டிய வண்டிகள் மூடி போட்டபடியே கைமாறுகின்றன. வாங்குபவர் அந்த மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்வது நல்லது. அனுபவத்தால் கற்ற மெக்கானிக்குகளுக்கும் தேசிய தொழிற்றகைமைச் (என்விகியூ) சான்றிதழ் பெற நாட்டில் வழியிருக்கிறது. அந்தத் தேர்வுகளில் எப்படி ஒட்டுவது என்பதோடு எப்போது ஒட்டக்கூடாது என்பதையும் கேட்டால் இந்தக் கைத்தொழிலின் மதிப்பு கூடும்.