பல்லவி இல்லாத ஹிட்

1991ஆம் ஆண்டின் தொடக்கத்தில், புது ஆல்பத்திலிருந்து எந்தப் பாட்டை முதல் சிங்கிளாக விடலாம் என்று ஆர்.இ.எம். குழு சொன்னபோது வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தார் தயங்கினார்கள். தயங்காமல் என்ன செய்வார்கள்? பெரிய தொகை கொடுத்து 1988இல் ஒப்பந்தம் போட்ட ராக் குழு அது. கொண்டுவந்து வைத்ததோ, எலெக்ட்ரிக் கிட்டார் இருக்க வேண்டிய இடத்தில் மாண்டலின் உட்கார்ந்திருக்கிற, ஏறக்குறைய நாலரை நிமிடம் ஓடுகிற, கூட்டம் கூடச் சேர்ந்து கத்துவதற்குப் பல்லவி என்று ஒன்று இல்லாத பாட்டு. நிறுவனத்துக்குள் நீண்ட விவாதம் நடந்தது. கடைசியில் குழு பிடித்த பிடியே நின்றது. 'லூசிங் மை ரிலிஜன்' அமெரிக்கப் பாடல் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது. அந்தப் பாட்டைக் கொண்ட 'அவுட் ஆஃப் டைம்' ஆல்பம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. பதினோரு வருடமாக ஒரு வட்டத்துக்குள் கொண்டாடப்பட்டவர்கள் உலகம் முழுக்கத் தெரிந்த பெயரானார்கள்.

அந்த வட்டம் சின்னதல்ல. ஜார்ஜியா மாநிலத்துப் பல்கலைக்கழக ஊரான ஏதென்ஸில் 1980இல் சேர்ந்த நால்வர்: பாடகர் மைக்கேல் ஸ்டைப், கிட்டாரில் பீட்டர் பக், பேஸ் கிட்டாரில் மைக் மில்ஸ், டிரம்ஸில் பில் பெர்ரி. பக் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தவர். ஸ்டைப் அங்கே வாடிக்கையாளர். 1983இல் வந்த முதல் ஆல்பமான 'மர்மர்'ஐ அந்த வருடத்தின் சிறந்த ஆல்பம் என்று 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை தேர்ந்தெடுத்தது. ஸ்டைப் என்ன பாடுகிறார் என்று அப்போது யாருக்கும் சரியாகப் புரியவில்லை, புரியாததையே ரசித்தார்கள். 1988 வரை வருடத்துக்கு ஓர் ஆல்பம் தவறாமல் வந்தது. கல்லூரி வானொலிக்காரர்கள் அவர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 1987இல் 'தி ஒன் ஐ லவ்' முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்தது. அடுத்து 'கிரீன்', அதற்காக 1989 முழுக்க நீண்ட சுற்றுப்பயணம்.

அந்தப் பயணத்தின் அலுப்பில் பிறந்ததுதான் 'அவுட் ஆஃப் டைம்' என்று சொல்லலாம். இரவுக்கு இரவு உரக்க எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்துச் சலித்துப்போன பக், வீட்டில் மாண்டலின் பழக ஆரம்பித்தார். மற்றவர்களும் அவரவர் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். மில்ஸ் ஆர்கனுக்கும் ஹார்ப்சிகார்டுக்கும் போனார். சில பாட்டுகளில் டிரம்ஸ்காரர் பெர்ரி பேஸை எடுத்துக்கொண்டார். பாடல்களின் உரிமையில் நால்வர் பெயரும் எப்போதும் சமமாகப் போட்டுவந்த குழு இது. அதனால் யார் எதை வாசிப்பது என்பதில் கௌரவப் பிரச்சினை எழவில்லை. பழகிய கருவியைக் கீழே வைத்ததும் கைக்குப் பழகிய திருப்பங்களும் போய்விடுகின்றன. விரல் தேடித் தேடித்தான் வாசிக்கிறது. இந்த ஆல்பத்தின் பாதி அழகு அந்தத் தேடலில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

'லூசிங் மை ரிலிஜன்' பிறந்த கதையும் அப்படித்தான். டி.வி. பார்த்துக்கொண்டே, பக்கத்தில் டேப் ரெக்கார்டரை ஓடவிட்டு, பக் மாண்டலினில் சாதகம் செய்துகொண்டிருந்தார். பிறகு போட்டுக் கேட்டால் தட்டுத்தடுமாறிய பயிற்சிக்கு நடுவே அந்தத் துணுக்கு கிடந்தது. மாண்டலின் என்றதும் நமக்கு யூ. ஸ்ரீநிவாஸ் நினைவுக்கு வருவார். எலெக்ட்ரிக் மாண்டலினில் கம்பியை இழுத்துக் கமகம் பேசவைத்த மேதை அவர். பக் வாசிப்பதில் அந்த வித்தை எதுவும் கிடையாது. இரட்டை இரட்டையாகக் கட்டிய எட்டுக் கம்பிகளின் மேல் மேலும் கீழுமாக ஓடும் மீட்டல், நடுவில் நாலைந்து சுரங்களில் ஒரு சின்ன நடை, அவ்வளவுதான். ஒரு மாதம் பழகிய மாணவனும் வாசித்துவிடுவான். ஆனால் அந்த மீட்டலில் ஒரு படபடப்பு இருக்கிறது. சொல்ல வந்ததைச் சொல்லலாமா வேண்டாமா என்று தவிக்கிறவனின் நெஞ்சுத் துடிப்பு அது.

பாட்டைக் கொஞ்சம் கூர்ந்து கேட்டால் அதன் கட்டுமானம் தெரியும். மாண்டலின் மேலே நிற்கிறது, பேஸ் கீழே. எலெக்ட்ரிக் கிட்டார் இல்லாததால் நடு ஸ்தாயி காலியாகிவிட்டது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் பீட்டர் ஹோல்சாப்பிள் என்ற தோழமைக் கலைஞரின் அக்கூஸ்டிக் கிட்டார் சேர்ந்தது. மில்ஸின் பேஸ் வெறுமனே தாளத்துக்கு முட்டுக்கொடுக்கவில்லை. தனக்கென்று ஒரு மெட்டோடு நடக்கிறது. ஃப்ளீட்வுட் மேக் குழுவின் ஜான் மெக்வீயை மனத்தில் வைத்து அமைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பெர்ரி டிரம்ஸில் ஒரு வேடிக்கையும் காட்டாமல் நேராக அடிக்கிறார். போகப்போகக் கைதட்டல் சேருகிறது. அட்லாண்டா சிம்பொனி கலைஞர்களின் தந்திக் கருவிகள் எப்போது நுழைந்தன என்றே தெரியாமல் நுழைந்து, மாண்டலினுக்கு அடியில் படுத்துக்கொள்கின்றன.

இதற்கு மேல் ஸ்டைப்பின் குரல். ஒரே டேக்கில் பாடியது என்பார்கள். கேட்டால் நம்பத்தான் தோன்றுகிறது. பல்லவி மாதிரி ஓர் இடம் திரும்பத் திரும்ப வருகிறது. வேறு எந்தக் குழுவாக இருந்தாலும் அங்கே கிட்டார்களை அடுக்கிக் குரலை மேலே தூக்கியிருப்பார்கள். ஸ்டைப் அங்கே தன் காதையே சந்தேகப்படுகிறவர் போலப் பாடிவிட்டு இறங்கிவிடுகிறார். ஏற வேண்டிய இடத்தில் ஏறாத பாட்டு. அதனாலேயே, முடிந்ததும் இன்னொரு முறை போட வேண்டியிருக்கிறது. கேட்கிறவர்கள் இதை மதம் பற்றிய பாட்டு என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருதலைக் காதலும் அதன் தன்னிலை இழப்பும்தான் பொருள்.

பாட்டு இத்தனை தூரம் பரவியதில் வீடியோவுக்கும் பெரிய பங்கு உண்டு. இயக்கியவர் ஜலந்தரில் பிறந்த தர்சேம் சிங். இந்தியப் படங்களில் வருகிற, மிகை உணர்ச்சியும் கனவும் கலந்த ஒரு வகைக் காட்சிமொழியை இதில் முயல வேண்டும் என்று விரும்பியவர். கார்சியா மார்க்கேஸின் சிறகு முளைத்த கிழவர் கதையும் கரவாஜியோவின் ஓவிய வெளிச்சமும் அதோடு சேர்ந்தன. அது வரை வாயசைக்க மறுத்துவந்த ஸ்டைப் இதில் பாடுகிறார், கை கால்களை வீசி ஆடவும் செய்கிறார். நளினமில்லாத ஆட்டம்தான், ஆனால் பாட்டின் தவிப்புக்கு அது பொருந்துகிறது. அந்த வருட எம்.டி.வி. விருதுகளில் ஆண்டின் சிறந்த வீடியோ உட்பட ஆறு விருதுகள். அடுத்த வருடம் குழுவுக்குக் கிராமியில் மூன்று.

இவ்வளவு கொண்டாடப்பட்ட ஆல்பம் சறுக்கலே இல்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். முதல் பாட்டான 'ரேடியோ சாங்' எனக்கு ஒட்டவே இல்லை. மெதுவாகத் தொடங்கும் அழகான கிட்டாரை ஃபங்க் தாளம் வந்து கலைத்துவிடுகிறது. ராப் கலைஞர் கே.ஆர்.எஸ்.-ஒன் பாவம், விருந்துக்கு வந்து வாசலில் நின்றவர் மாதிரி ஆகிவிட்டார். 'ஷைனி ஹேப்பி பீப்பிள்' இன்னொரு கதை. வால்ட்ஸ் நடையில் தந்திக் கருவிகள் தொடங்கிவைக்க, பி-52'ஸ் குழுவின் கேட் பியர்சன் உற்சாகமாகக் குரல் சேர்க்க, அமெரிக்காவில் முதல் பத்துக்குள் வந்த பாட்டு. ஸ்டைப்புக்கே பிற்காலத்தில் இதன்மேல் மனம் ஒட்டவில்லை. 2003இல் வந்த சிறந்த பாடல்களின் தொகுப்பில் இதற்கு இடமில்லை. ஆனால் முழுதாகத் தள்ளிவிடவும் முடியாது. சர்க்கரைப்பாகுதான்; பதம் தவறாத பாகு.

பழைய இசைத்தட்டிலும் கேசட்டிலும் இந்த ஆல்பத்தின் இரண்டு பக்கங்களுக்கும் பெயர் வைத்திருந்தார்கள். முதலாவது 'டைம்' பக்கம், இரண்டாவது 'மெமரி' பக்கம். ஹிட் பாட்டை மட்டும் தெரிந்துவைத்திருப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இரண்டாம் பக்கத்தை. அதில் 'பிலாங்' பாட்டில் ஸ்டைப் பாடுவதே இல்லை. கதை சொல்வது போலப் பேசிக்கொண்டு போகிறார். சரணம் முடியும் இடத்தில் மில்ஸும் பெர்ரியும் சொல்லே இல்லாமல் குரலை விரிக்கிறார்கள். 'ஹாஃப் எ வேர்ல்ட் அவே'யில் மாண்டலினும் ஹார்ப்சிகார்டும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் போகின்றன. 'டெக்ஸார்கானா'வை மில்ஸ் பாடுகிறார். முதல் பக்கத்து 'நியர் வைல்ட் ஹெவன்' பாட்டும் அவருடையதே. ஸ்டைப்பின் கரகரப்புக்குப் பக்கத்தில் அந்தத் தெளிந்த குரல் சட்டென்று ஜன்னலைத் திறக்கிறது.

ஆனால் ஆல்பத்தின் உயிர் இருப்பது 'கன்ட்ரி ஃபீட்பேக்'கில். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஸ்வரக்கட்டு சுற்றிச் சுற்றி வருகிறது. ஜான் கீனின் பெடல் ஸ்டீல் கிட்டார் பின்னால் இழுத்து இழுத்து அழுகிறது. ஸ்டைப் ஒரு காகிதத்தில் சில சொற்களைக் குறித்துக்கொண்டு வந்து, மைக்குக்கு முன் நின்று, மீதியை அந்த நேரத்தில் வந்தபடி பாடியிருக்கிறார். மாதிரிப் பதிவாக எடுத்ததையே வைத்துக்கொண்டார்கள். உடைந்துபோன உறவைப் பற்றிய பேச்சு. வாக்கியங்கள் முடிவதில்லை, பழைய பொருட்களை எண்ணிச் சொல்வது போலத் துண்டு துண்டாக விழுகின்றன. பாட்டின் பின்பகுதியில் ஒரே வேண்டுதலைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் அழுத்தம் வேறு சொல்லில் விழுகிறது. நம் பாடகர்கள் நிரவலில் செய்கிற காரியம்தான். ஸ்டைப்புக்கு மிகப் பிடித்த ஆர்.இ.எம். பாட்டும் இதுதான். 1998இல் ஒரு நிதி திரட்டும் மேடையில் நீல் யங் தன் கிட்டாரோடு இதில் சேர்ந்துகொண்டார்.

உலகமே கேட்ட இந்த ஆல்பத்துக்காக அவர்கள் சுற்றுப்பயணம் போகவில்லை. இன்றைய விற்பனைக் கணக்கில் பார்த்தால் தற்கொலைக்குச் சமம். எம்.டி.வி.யின் 'அன்ப்ளக்டு' நிகழ்ச்சி, வெஸ்ட் வர்ஜீனியாவில் ஒரு வானொலி நிகழ்ச்சி, லண்டனில் ஒரு சின்ன அரங்கில் பொய்ப் பெயர் சூடி வாசித்தது என்று விரல்விட்டு எண்ணக்கூடிய மேடைகள். அதற்குப் பதிலாக சி.டி. அடைத்து வந்த நீள அட்டைப் பெட்டியில், வாக்காளர் பதிவை எளிதாக்கும் சட்ட மசோதாவை ஆதரிக்கும் மனு ஒன்றை அச்சிட்டார்கள். வாங்கியவர்கள் வெட்டிக் கையெழுத்திட்டு அனுப்பினார்கள். அந்தச் சட்டம் 1993இல் நிறைவேறியது. குப்பைக்குப் போக வேண்டிய அட்டைக்கு இதைவிட நல்ல கதி கிடைத்திருக்காது.

ஆல்பம் வெளிவந்து ஆறு மாதம் கழித்து, அதே 1991 செப்டம்பரில், நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' வந்தது. அமெரிக்க ராக் திசை திரும்பியதற்கு எல்லோரும் அதைத்தான் சுட்டுவார்கள். சத்தம் அதிகம் என்பதால் கதவை உடைத்தவர்கள் என்ற பெயரும் அதற்கே போயிற்று. கல்லூரி வானொலியில் வளர்ந்த குழு தன் போக்கை மாற்றிக்கொள்ளாமலே முதலிடத்துக்குப் போக முடியும் என்று அதற்கு முன்பே காட்டியது 'அவுட் ஆஃப் டைம்'. நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேனுக்கு அது தெரியும், ஆர்.இ.எம்.மின் மேல் அவருக்கு இருந்த மதிப்பு ஊரறிந்தது.

கடைசிப் பாட்டு 'மீ இன் ஹனி'. கர்ப்பத்தை ஆணின் பக்கத்திலிருந்து பார்க்கிற பாட்டு. ராக்கில் அவ்வளவாக யாரும் தொடாத விஷயம். பக் ஒரு சின்னத் துணுக்கை விடாமல் வாசிக்க, அதன்மேல் கேட் பியர்சன் மறுபடி வருகிறார். 'ஷைனி ஹேப்பி பீப்பிள்'இல் குதித்துக் கும்மாளமிட்ட அதே குரல் இங்கே சொல்லே இல்லாமல் நீளமாகக் கூவுகிறது. பரபரப்பான வானொலிக்கு முன்னது, மற்றவர்களுக்குப் பின்னது. ஒரே பக்கத்தின் முதல் பாட்டாகவும் கடைசிப் பாட்டாகவும் இரண்டையும் வைத்தது யாருடைய யோசனையோ, அவருக்கு நல்ல காது.