மூன்றாவது கடிதம்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிற பிள்ளை யாழ்ப்பாணத்து வீடொன்றில் இருந்தால், முடிவுத் திகதி நெருங்க நெருங்க ஒரு கேள்வி கட்டாயம் எழும்: "எதுக்கும் இன்னொரு கடிதமும் வாங்கிப் போட்டால் என்ன?" போன மாரியில் கோண்டாவிலில் எங்கள் உறவுக்காரப் பெடியனுக்காக அது எழுந்தபோது, பெரியப்பா சாய்மனைக் கதிரையை விட்டு அசையாமலே மூன்று பேரைச் சொன்னார்: இளைப்பாறிய உயர் அதிகாரி ஒருவர், குருக்கள் ஒருவர், சமாதான நீதவான் ஒருவர். மூவரும் பெடியனைக் கலியாண வீடுகளில் கண்டதோடு சரி.

உள்நாட்டில் இந்த அலைச்சல் இல்லை. 2001 முதல் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளிதான் பெரும்பாலும் தீர்ப்பு. பல கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் தரவரிசைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, மிச்சம் 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. யார் கடிதமும் செல்லாது. ஒரு கையெழுத்துக்குக்கூட ஆள் பிடித்துப் பழகிய ஊரில் இது சின்ன விசயமில்லை. ஆனால் பரீட்சைக்கு முதல் மாதம் தகப்பனைப் பறிகொடுத்துவிட்டு வந்து எழுதிய பிள்ளையை அந்தப் புள்ளிக்குத் தெரியாது. கடிதம் கேட்பதில் நியாயம் இருக்கிறதென்றால், அது இங்கேதான்.

எங்களுக்குப் பழக்கமானதோ நற்சான்றிதழ். ஒழுக்கமானவர், கீழ்ப்படிவானவர், பெரியோரை மதிப்பவர்: ஆளில் பிழை இல்லை என்று சொல்கிற பத்திரம் அது; பொலிஸ் அறிக்கைக்கு ஒரு படி மேல். அமெரிக்கப் பல்கலைக்கழகம் கேட்பது வேறு: இந்தப் பிள்ளை இருந்ததால் வகுப்பில் என்ன நடந்தது? அங்கே 'கீழ்ப்படிவு' பாராட்டாகவே எடுபடாது. பெரியப்பா சொன்ன மூவரும் எழுதினாலும் நற்சான்றிதழ்தான் மூன்று பிரதி வந்திருக்கும்.

எண்ணிக்கையால் பாரம் கூடுவதுமில்லை. பிரித்தானியாவின் பல்கலைக்கழக விண்ணப்ப அமைப்பான யூகாஸ் ஒரேயொரு பரிந்துரையைத்தான் ஏற்கும். எம்.ஐ.டி. இரண்டு ஆசிரியர்களைக் கேட்கிறது: ஒருவர் கணிதமோ விஞ்ஞானமோ, மற்றவர் மொழியோ சமூகக் கல்வியோ படிப்பித்தவர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் விண்ணப்பத்தோடு கடிதமே கேட்பதில்லை. மேலதிகக் கடிதத்துக்கு இடம் விடுகிற இடங்களிலும், முதல் இரண்டில் இல்லாத செய்தி மூன்றாவதில் இருந்தால்தான் பிரயோசனம்.

அந்த முதல் இரண்டும் இங்கே எப்படிப் பிறக்கின்றன? "தம்பி, நீரே எழுதிக்கொண்டு வாரும், நான் கையெழுத்து வைக்கிறன்." சோம்பலால் சொல்வதில்லை. நிறைந்த வகுப்பு, நடுவில் வந்த இடமாற்றம், எல்லாவற்றுக்கும் மேலாக ஆங்கிலத்தில் எழுதுகிற கூச்சம். விண்ணப்பகாரரின் கைபடாமல் ஆசிரியரிடமிருந்து நேரே வரவேண்டிய கடிதத்தை விண்ணப்பகாரரே எழுதுகிறார். இதை இங்கே யாரும் களவு என்று சொல்வதில்லை. எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

பிள்ளையை உண்மையில் அறிந்தவர் பெரும்பாலும் ரியூட்டறி மாஸ்டர்தான். தகரக் கொட்டிலில் விடியக் காலை வகுப்பு, இரண்டு வருசம், மழையிலும். அவரிடம் கடிதத்தலைப்பும் இல்லை, பதவியும் இல்லை. அதனால் அவரை யாரும் நினைப்பதில்லை.

கடைசியில் பெடியனின் ரியூட்டறி இரசாயனவியல் மாஸ்டரிடம்தான் போனோம். தமிழில் எழுதித் தாருங்கள், மொழிபெயர்ப்பு என் பொறுப்பு என்றேன். கொப்பித் தாளில் இரண்டு பக்கம் வந்தது. பதினொரு வருசமாகக் கொடுத்துவந்த குறிப்பில் ஒரு கணக்குப் பிழை என்று இவன் வகுப்பிலேயே எழும்பிச் சொன்னதையும், தான் ஏசி இருத்தியதையும், அடுத்த நாள் ஐந்தரைக்கே வந்து அவன் அதைக் கரும்பலகையில் செய்து காட்டியதையும், அன்றைக்கே தான் குறிப்பைத் திருத்தியதையும் மனுசன் மறைக்காமல் எழுதியிருந்தார்.

பெரியப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டு முழுவதும் வாசித்தார். "கடிதம் நல்லாத்தான் இருக்கு," என்றார். "வாத்தியாரைப் பிழை பிடிச்ச அந்தப் பந்தியை மட்டும் எடுத்துவிடு."