பதிவேட்டில் ஏறிய பெயர்கள்: செங்கற்பட்டு ஜில்லாவில் கிறிஸ்தவத் தொண்டு மரபுகள்

எங்கள் இடைக்கழிநாட்டுக் கடப்பாக்கத்திலிருந்து கழியோரமாகக் கடலை நோக்கி நடந்தால், செங்கலும் சுண்ணாம்பும் உதிர்ந்து நிற்கும் ஆலம்பரைக் கோட்டையின் மதில்கள் தென்படும். 1750-ஆம் ஆண்டில் சுபேதார் முஸாபர் ஜங், தமக்குச் செய்த உதவிக்குக் கைம்மாறாக இக்கோட்டையைப் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் வசம் ஒப்புவித்தார். பத்தே ஆண்டுகளில், 1760-இல், ஆங்கிலேயர் இதைப் பிடித்து இடித்தார்கள். மறு வருஷம் ஜனவரியில் புதுச்சேரியும் விழுந்தது. அங்கே தளபதி அயர் கூட் கைப்பற்றிய பொருள்களில் பீரங்கிகளோடு ஓர் அச்சு யந்திரமும் இருந்தது. சென்னைக்குக் கொண்டுவரப்பட்ட அந்த யந்திரம், கும்பினியாரின் காகிதங்களையும் அச்சிட்டுத் தரவேண்டும் என்ற நிபந்தனையின் பேரில், வேப்பேரியில் வாழ்ந்த பப்ரிசியுஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியாரிடம் கொடுக்கப்பட்டது. அந்த வேப்பேரி அச்சுக்கூடத்திலிருந்து 1779-இல் அவருடைய தமிழ் - ஆங்கில அகராதி வெளிவந்தது. அகராதி தொகுத்தவருக்கு வட்டிக் கணக்குத் தெரியவில்லை. பிறர் பணத்தை வாங்கிக் கடன் கொடுத்து, அது திரும்பாமல், முதுமையில் கடன்காரர் சிறையில் கிடந்தார். ஆயினும் அவர் சேர்த்த சொற்கள் அழியவில்லை. பின்வந்த அகராதிக்காரர் எல்லாரும் அவருடைய தோளின்மேல் ஏறி நின்றவர்களே.

இந்த மலரைத் தொகுக்கும் அன்பர்கள், கிறிஸ்தவ சமயத்தினால் நம் சமுதாயத்துக்கும் அதன் ஸ்தாபனங்களுக்கும் விளைந்த நன்மைகளை எழுதித் தரவேண்டும் என்று கேட்டபோது, அச்சமயத்தைச் சாராத என்னிடம் ஏன் கேட்கிறார்கள் என்று தயங்கினேன். விருந்திட்டவர் தம் சமையலைத் தாமே புகழ்வதைக் காட்டிலும், உண்டு எழுந்தவன் சொல்லும் வார்த்தைக்கு மதிப்பு உண்டு என்று அவர்கள் சமாதானம் சொன்னார்கள், ஒப்புக்கொண்டேன். ஆனால் புகழ்வதற்கும் ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? ஞானஸ்நானம் பெற்றோரின் தொகை திருச்சபையின் கணக்கு. அதில் எனக்கு அதிகாரம் இல்லை. ஒரு பள்ளிக்கூடமோ வைத்தியசாலையோ எத்தன்மையது என்பதை அறிய நான் பார்க்க விரும்புவது அதன் சேர்க்கைப் பதிவேட்டை. அதில் யார் யாருடைய பெயர் ஏறியிருக்கிறது, எந்தத் தெருவிலிருந்து வந்த பிள்ளை எந்தத் தெருப் பிள்ளையின் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறான் என்பதைப் பார்த்துவிட்டால், சுவரில் மாட்டிய ஸ்தாபகர் படமும் வாயிலில் பதித்த கல்வெட்டும் சொல்லாததை அந்த ஏடு சொல்லிவிடும்.

அச்சுத்தொழிலிலிருந்து தொடங்குவதே முறை. 1706-ஆம் ஆண்டு ஜூலையில் தரங்கம்பாடியில் கரையேறிய பாதிரியார் சீகன்பால்க், மறு வருஷமே பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு பாடசாலை திறந்ததும், 1714-15-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியதும், லூத்தரன் மரபின் முதல் வரவுகள். கத்தோலிக்க மரபில் யேசு சபையினர் அதற்கும் முன்பே, 1578-இல், கொல்லத்தில் தமிழ் நூல் அச்சிட்டவர்கள். வீரமாமுனிவர் எழுத்தைத் திருத்தியதும் சதுரகராதி செய்ததும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தவை. அவற்றை இங்கே விரிக்க வேண்டியதில்லை. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வின்ஸ்லோ 1862-இல் வெளியிட்ட அகராதியில் 67 ஆயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் இருந்தன. சொல்லுக்குச் சொல் இடம் விட்டு அச்சிடுவதும் நிறுத்தக் குறிகள் இடுவதும் பெரும்பாலும் இந்த அச்சுக்கூடங்களின் வழியாகவே நமக்குப் பழக்கமாயின.

இதில் நான் பெரிதாக மதிப்பது நேரான பயனைவிடச் சுற்றி வந்த பயனை. பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணை நின்ற ஆறுமுக நாவலர், அங்கே கற்ற உத்திகளைக் கொண்டே பாதிரிமாரை எதிர்க்கத் துணிந்து, யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையையும் அச்சுக்கூடத்தையும் ஸ்தாபித்தார். வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த சி. வை. தாமோதரம் பிள்ளை, கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து சைவத்துக்குத் திரும்பியவர், கலித்தொகையை 1887-இல் அச்சிட்டு வெளியிட்டார். இரண்டு வருஷம் கழித்து உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். அதில் ஒன்றான, எங்கள் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை அப்படித்தான் ஏட்டிலிருந்து புத்தகமாகி எங்களிடம் திரும்பி வந்தது. போட்டியினால் தூண்டப்பட்டவனும் ஒரு வகையில் கடன்பட்டவனே. இதை ஒத்துக்கொள்வதில் சைவர்களுக்குக் குறைவு ஒன்றும் இல்லை.

கடற்கரையின் வடபகுதியில், கோவளத்தில், 1808-இல் ஜான் டி மான்டி என்ற போர்த்துக்கீசிய வணிகர் கட்டிய கார்மேல் மாதா கோயில் இருக்கிறது. அவர் தம் ஆஸ்தியைத் திருச்சபையின் தர்ம காரியங்களுக்கு எழுதிவைத்துப் போனார். வணிகர் சேர்த்ததைத் தர்மத்துக்கு வைப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று என்பதால் இதை விட்டு மேலே செல்கிறேன்.

ஜில்லாவின் உள்பகுதியில் வேரூன்றியது ஸ்காட்லாந்து மரபு. 1837-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி ஜான் ஆண்டர்சன் சென்னையில் தொடங்கிய பள்ளி, சில ஆண்டுகளுக்குள் காஞ்சிபுரத்திலும் செங்கற்பட்டிலும் கிளை விட்டது; காஞ்சியில் இன்றும் அவர் பெயரால் ஒரு பள்ளி இருக்கிறது, செங்கற்பட்டுப் பள்ளி புனித கொலம்பாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சென்னைப் பள்ளி தொடங்கிய சில காலத்துக்குள்ளேயே ஒரு சோதனை வந்தது. சேரியிலிருந்து வந்த பிள்ளைகள் மற்றவர்களோடு வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள் என்பது தெரிந்ததும், உயர்ந்த சாதியார் எனப்பட்டோர், அவர்களை நீக்குங்கள், இல்லையேல் தனி பெஞ்சிலாவது உட்காரவையுங்கள் என்று முறையிட்டார்கள். ஆண்டர்சன் மறுத்தார், பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள், பள்ளி காலியாகும் நிலை வந்தும் அவர் பெஞ்சைப் பிரிக்கவில்லை. பின்னர் வெளியேறியவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். நம் நாட்டுக் கல்வியின் சரித்திரத்தில் பெரிய சட்டங்களும் கமிஷன்களும் பெற்றுள்ள இடத்தில் ஒரு மூலையாவது அந்த மரப்பெஞ்சுக்குத் தரவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கிறிஸ்தவ மரபுகளுக்குள்ளும் தராதர பேதங்கள் இருந்தன என்பதை மறைக்கலாகாது. சாதி வழக்கம் சபைக்குள் அறவே கூடாது என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-இல் கட்டளை பிறப்பித்தபோது, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பழைய லூத்தரன் வழிக் கிறிஸ்தவர்களே அதை எதிர்த்தார்கள். பின்வந்த லைப்சிக் மிஷன் சாதி ஆசாரத்தோடு சமரசமாகவே போயிற்று. சில ஊர்களில் கோயிலுக்குள் இருக்கை பிரிந்தது. கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுந்தது. ஆகவே சமத்துவத்தைக் கிறிஸ்தவர் எல்லாரும் ஒருமுகமாகக் கொண்டுவந்தார்கள் என்று எழுதுவது மரியாதைக்காகச் சொல்லும் பொய்யாகும். கொண்டுவந்தவர்கள், தம் சபையாரோடும் போராடிக் கொண்டுவந்தார்கள்.

1862-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த வில்லியம் மில்லர் ஆண்டர்சனின் பள்ளியைக் கல்லூரியாக வளர்த்தார். 1877 முதல் அது சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என வழங்கிற்று. 1937-இல் சேலையூர்க் காட்டை ஒட்டித் தாம்பரத்துக்கு, அதாவது நம் ஜில்லாவுக்கு, குடிபெயர்ந்தது. மாணவரை மதம் மாற்றுவது கல்லூரியின் உடனடி வேலையன்று, எண்ணங்கள் மெல்லப் பரவுவதற்கு இடம் செய்வதே அதன் வேலை என்று மில்லர் கொண்டிருந்தார். அதற்காகத் தாய்நாட்டில் கண்டனமும் பெற்றார். அக்கல்லூரியில் ஏ. ஜி. ஹாக்கிடம் தத்துவம் படித்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், இந்து சமயத்தின் மீது பாதிரிமார் தொடுத்த விமர்சனமே தம்மை அச்சமயத்தை ஆழ்ந்து கற்கத் தூண்டியது என்று பிற்காலத்தில் சொன்னார். மாணவன் மறுத்துப் பேசக் கற்றுக்கொண்டு வெளியேறுவதை ஆசிரியரின் தோல்வி என்று நினைப்பவர் ஆசிரியத் தொழிலை அறியாதவர்.

படிப்புக்கு அடுத்தது நிலம். மிராசு முறை வேரோடியிருந்த இந்த ஜில்லாவில், தலைமுறை தலைமுறையாகப் படியாளாக உழைத்த ஆதிதிராவிடக் குடிகளுக்குக் குடிசை போட்டிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் கூரையைப் பிரித்துக்கொண்டு போகவேண்டியதுதான். செங்கற்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூவும் திருவள்ளூரில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடியும் இந்நிலையைப் பற்றி விடாது எழுதினார்கள். சர்க்கார் தரிசை அவர்களுக்குக் கொடுங்கள் என்று மனுப் போட்டார்கள். ஜில்லாக் கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் தம் அறிக்கையைச் சமர்ப்பித்தார். 1892-இல் உத்தரவு பிறந்தது. அதுவே பஞ்சமி நிலத்தின் பிறப்பு. பத்து வருஷத்துக்கு விற்கலாகாது, அதன்பின் விற்றாலும் தாழ்த்தப்பட்டோருக்கே விற்கவேண்டும் என்பது நிபந்தனை. இராஜதானி முழுவதும் 12 லட்சம் ஏக்கர் இவ்வாறு வழங்கப்பட்டதாகச் சொல்வது வழக்கம். சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்த மெல்ரோசாபுரம் ஆண்ட்ரூவின் முயற்சியால் எழுந்த குடியேற்றம்.

இந்தப் பாதிரிமாரின் நெஞ்சில் ஆன்ம அறுவடையின் ஆசையும் இருந்தது என்பர், இருந்தது, மறுப்பானேன்? மனுவின் நோக்கம் எதுவாயினும், பட்டாவில் ஏறியது உழுதவனின் பெயர். அந்த நிலங்களில் பெரும்பகுதி பிற்காலத்தில் வேறு கைகளுக்கு நழுவியதற்குப் பொறுப்பு மிஷன்களுடையதன்று. நிபந்தனையைக் காக்கவேண்டிய பதிவு அலுவலகங்களும் நம் ஊர்ப் பெரிய மனிதர்களும் பதில் சொல்லவேண்டியது அது. மதுராந்தகம் பகுதிக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் பத்திரிகை தொடங்கி, எவருடைய பரிவையும் எதிர்பாராமல் தம் மக்களுக்காகத் தாமே பேசினார் என்பதையும் இவ்விடத்தில் சேர்த்துப் படிக்கவேண்டும்.

இனி வைத்தியம். எங்கள் ஊருக்கு மேற்கேயுள்ள திண்டிவனத்தில், 1890-ஆம் ஆண்டு ஓர் இரவில், அமெரிக்க மிஷன் வைத்தியரான இரண்டாம் ஜான் ஸ்கடரின் வீட்டுக் கதவை மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராகத் தட்டினார்கள்: ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், ஒரு முதலியார். மூவர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவ வேதனை. ஆண் வைத்தியர் வருவதை மூவருமே ஒப்பவில்லை. அவருடைய மகள் ஐடாவை அழைத்தார்கள். அவளோ வைத்தியம் படிக்காதவள். இந்தியாவில் தங்கவே விரும்பாதவள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள். ஐடா அமெரிக்கா சென்று வைத்தியம் படித்துத் திரும்பி, 1902-இல் வேலூரில் 40 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரியைத் திறந்தார். 1909-இல் செவிலியர் பயிற்சி. 1918-இல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளி. 1947-இல்தான் ஆண்களுக்கு அங்கே கதவு திறந்தது.

செங்கற்பட்டுக்கு அருகே திருமணி மலையடிவாரத்தில், 1924-இல், கவர்னரின் மனைவி லேடி வில்லிங்டன் பெயரால் குஷ்டரோகிகளுக்கு ஓர் இல்லம் ஏற்பட்டது. நடத்தியவர்கள் ஸ்காட்லாந்து மிஷனார். அக்காலத்தில் நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகச் செலுத்துவதே கைகண்ட மருந்து எனப்பட்டது. அது கைகண்டதா என்பதே சந்தேகம். 1935 முதல் அங்கே பணிபுரிந்த ராபர்ட் காக்ரேன், 1940-களில், டாப்ஸோன் என்னும் மலிவான சரக்கை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டவர்களில் முன்னணியில் நின்றவர். 1947-இல் வேலூரிலிருந்து அவரைக் காண வந்த எலும்பு மருத்துவர் பால் பிராண்ட், கொல்லிமலையில் பிறந்தவர், விரல்கள் பறவையின் கூர்நகம்போல் மடங்கிய கைகளைக் கண்டு, இவற்றை ஏன் யாரும் சீராக்கவில்லை என்று கேட்டார். எலும்பு மருத்துவர் எவரும் இந்நோயைப் பார்க்கவே வந்ததில்லை என்றார் காக்ரேன். பிராண்ட் ஒரு நோயாளியின் கையைப் பற்றி, அழுத்தச் சொன்னார். செத்துப்போனதாகத் தோன்றிய அந்தக் கை, வலிக்கும்படி இறுக்கிப் பிடித்தது. முன்கைத் தசைகளில் உயிர் இருக்கிறது, நல்ல தசைநாணை இடம் மாற்றித் தைத்தால் விரல் நிமிரும் என்ற எண்ணம் அந்தப் பிடியிலிருந்து பிறந்தது. மறு வருஷமே வேலூரில் அறுவை சிகிச்சை தொடங்கிற்று. உலகெங்கும் இன்று கைக்கொள்ளும் முறைக்கு விதை செங்கற்பட்டில் விழுந்தது என்பது நம் ஜில்லாவில் எத்தனை பேருக்குத் தெரியும்? திருமணி இல்லத்தை 1955-இல் மத்திய சர்க்கார் ஏற்று, குஷ்டரோகப் பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும் உரிய தேசிய ஸ்தாபனமாக ஆக்கிற்று. சமயத்தார் தொடங்கியதைச் சர்க்கார் தன் கடமையாக ஏற்பதைவிட அந்தப் பணிக்கு வேறு நற்சான்று வேண்டியதில்லை.

இவ்வளவு சொன்னவன் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன், பெயர் சொல்ல விரும்பாத ஒரு பள்ளிக்கு, மீனவக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தியைச் சேர்க்க அழைத்துப் போயிருந்தேன். சிலுவை பொறித்த வாயிலைத் தாண்டியதும் எங்களிடம் முதலில் கேட்கப்பட்டது நன்கொடைத் தொகை. சிறுமியின் பெயரை யாரும் கேட்கவில்லை. ஆண்டர்சனின் பெஞ்சு நினைவுக்கு வந்தது. வந்த வழியே திரும்பினோம்.

செங்கற்பட்டு முதல் இடைக்கழிநாடு வரையில் உள்ள பழைய மிஷன் பள்ளிகளிலும் வைத்தியசாலைகளிலும், கரையான் அரித்த அலமாரிகளில், சேர்க்கைப் பதிவேடுகள் இன்னும் கிடக்கக்கூடும். அவற்றின் பொறுப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பழைய காகிதக் கடைக்கு எடைக்குப் போடும் முன்பு, ஒரு பிரதியாவது எடுத்து வையுங்கள்.