பழனி மலைக்கு ட்ரோன் படை: எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்

சென்னை அடையாறில் 2023 ஜூனில் காவல்துறையின் ட்ரோன் பிரிவு தொடங்கப்பட்டது. செலவு 3.6 கோடி ரூபாய், கருவிகள் ஒன்பது. ஆறு விரைந்து போய்ப் பார்ப்பவை, ஒன்று எடை தூக்குவது, இரண்டு நெடுந்தூரம் பறக்கும் சிறகு வகை. கூட்டமும் நெரிசலும் மிகுந்த கடற்கரை நகரத்துக்கு இந்த அமைப்பு பொருந்தும். இதையே பழனி மலைத்தொடரின் கொடைக்கானலுக்கும் கொண்டுவந்தால் போதுமா? மூன்று கேள்விகளால் எடை போடலாம். இப்போது தெரியாத எதை அது காட்டும்? மலையில் அது பறக்குமா? யார் பொறுப்பில் இருக்கும்?

முதலில் காட்டுத்தீ. 2024 ஏப்ரல் இறுதியில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் மேல்மலைக் காடுகள் நாள்கணக்கில் எரிந்தன. தீப்பிடித்த செய்தி வனத்துறைக்கு எட்ட ட்ரோன் தேவையில்லை. இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனம் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை அனுப்புகிறது. ஆனால் அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது 375 மீட்டர் அகலமுள்ள நிலம். செயற்கைக்கோள் தலைக்கு மேல் வருவதும் நாளில் சில முறைதான். தீயின் விளிம்பு எந்த மடிப்பில் இருக்கிறது, காற்று எந்தச் சரிவில் ஏற்றுகிறது, பச்சைக் கிளையால் அடித்துக்கொண்டிருப்பவர்கள் எந்த வழியாக வெளியேறலாம் என்பதை அது சொல்லாது. ட்ரோன் சொல்லும். வெப்பக் கேமரா புகையை ஊடுருவிப் பார்க்கும். அணைந்ததாகத் தோன்றும் பைன் சருகுக்கு அடியில் கனல் எங்கே மிச்சமிருக்கிறது என்பதை, தரை குளிர்ந்திருக்கும் விடியற்காலையில் துல்லியமாகக் காட்டும். அணைந்த தீ மறுநாள் மீண்டும் எழுவதைத் தடுக்க இதைவிடப் பயனுள்ள கருவி இல்லை.

பக்கத்துத் தேனி மாவட்டத்தின் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று பற்றிய தீ 23 உயிர்களைப் பறித்தது. காய்ந்த புல் மண்டிய சரிவில் தீ மேல்நோக்கி ஓடும்போது மனிதக் கால்கள் அதை வெல்ல முடியாது. இருட்டில் சரிவெங்கும் சிதறிக் கிடந்த மலையேற்றக்காரர்களைத் தேட அன்று ஒரு வெப்பக் கேமரா உதவியிருக்கும். ஆனால் தீக்காலத்தில் அவர்கள் மலையேறியதையே அது தடுத்திருக்காது. அது சட்டமும் காவலும் செய்ய வேண்டிய வேலை.

இரண்டாவது கேள்வியில் ட்ரோனின் மதிப்பெண் குறைகிறது. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இறக்கைகள் வேகமாகச் சுழல வேண்டும், பேட்டரி சீக்கிரம் தீரும். ஒரு முகட்டைத் தாண்டினால் சிக்னல் அறுபடும். அடர்ந்த மூடுபனியில் சாதாரணக் கேமராவோடு வெப்பக் கேமராவும் குருடாகும். சோலைக்காட்டின் இலைக்கூரைக்குக் கீழே இரண்டாலுமே பார்க்க முடியாது. கீழ்மலையின் புல்லாவெளி அருவியில் 2022 ஆகஸ்டில் தவறி விழுந்த இளைஞரின் உடல் கிடைக்கப் பல நாள் ஆனது. அத்தகைய பள்ளத்தில் பாறை இடுக்குகளை ட்ரோன் பார்க்கும், வெள்ளத்துக்கு அடியில் பார்க்காது. மசினகுடி வட்டாரத்தில் 2021இல் டி23 புலியைத் தேடியபோதும் ட்ரோன்கள் பறந்தன. கேமராப் பொறிகளும் மோப்ப நாயும் கும்கிகளும் தடம் அறிந்த மனிதர்களும் சேர்ந்து தேடியும் புலி பிடிபட மூன்று வாரம் ஆனது.

மூன்றாவது கேள்விதான் மிகவும் கடினமானது. காட்டுத்தீ வனத்துறைக்கு, வீட்டுத்தீயும் மீட்பும் தீயணைப்புத் துறைக்கு, காணாமல்போனவரைத் தேடுவது காவல்துறைக்கு என்று பொறுப்பு பிரிந்து கிடக்கிறது. ஆளுக்கொரு ட்ரோன் வாங்கினால் பயிற்சி பெற்றவர் மாற்றலாகிப் போனதும் கருவி பீரோவில் தூங்கும். ஆபத்தும் உண்டு. 2024 மார்ச்சில் குன்னூர்த் தீயை அணைக்க விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் தண்ணீர் கொட்டியது. அப்படி ஒரு நேரத்தில் வானில் திரியும் சிறு ட்ரோன் உயிரைக் குடிக்கலாம். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் தனியார் ட்ரோன் மோதித் தீயணைப்பு விமானம் ஒன்று தரையிறக்கப்பட்டதை உலகம் பார்த்தது. கம்பத்தில் 2023இல் அரிக்கொம்பன் யானையை ஒரு தனியார் ட்ரோன் மிரள வைத்தது. காட்டுமாடுகள் கடைவீதி வரை வரும் கொடைக்கானலில் அரசு ட்ரோனின் இரைச்சலும் அதையே செய்யக்கூடும்.

கண்காணிப்பு ஆசை இன்னொரு ஆபத்து. 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறையில் உள்ள ஊரில், தீக்கு வாங்கிய கேமரா சுற்றுலாப் பயணிகளின் மேல் திரும்ப நெடுநாள் ஆகாது. தேனும் கிழங்கும் எடுக்கக் காட்டுக்குள் போகும் பளியர்களின் மேலும் திரும்பலாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்த நாடு இது. 2018 முதல் அவசர அழைப்புகளுக்கு ட்ரோன் அனுப்பும் கலிபோர்னியாவின் சூலா விஸ்டா காவல்துறை, ஒவ்வொரு பறப்பின் விவரத்தையும் பொதுவெளியில் வைக்கிறது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம் அது.

ஆகவே பழனி மலைக்கு ட்ரோன் வேண்டும். ஆனால் சென்னையின் நகல் வேண்டாம். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் கீழ் மூன்று துறைகளுக்கும் பொதுவாக ஒரே அணி, கொடைக்கானலிலேயே தங்கும் உள்ளூர் இயக்குநர்கள், எல்லா ட்ரோன்களையும் உடனே இறக்கச் சொல்லும் அதிகாரம் ஒருவரிடம். வேலை இரண்டே: தீயின் விளிம்பையும் கனலையும் காட்டுவது, காணாமல்போனவரைத் தேடுவது. கூட்டத்தை வேவு பார்ப்பது இதில் சேராது. ஒவ்வொரு பறப்பும் பதிவாகி மக்கள் பார்வைக்கு வர வேண்டும்.

பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், தீத்தடுப்புக் காவலர்களின் ஊதியமும் தீத்தடுப்புக் கோடுகளின் பராமரிப்பும் முந்த வேண்டும். படம் கிடைத்தபின் சரிவில் இறங்கித் தீயை அடிப்பவர்கள் அவர்கள்தான். ஒரு தீக்காலம் முடிந்ததும் கணக்குப் பார்க்கட்டும்: ட்ரோன் தந்த படம் களத்தில் எத்தனை முடிவுகளை மாற்றியது? ஒன்றையும் மாற்றவில்லை என்றால் திட்டத்தை நிறுத்தும் துணிவும் அரசுக்கு இருக்க வேண்டும்.